ஒரு பாட்டிலுக்கு ஏழு

என் அன்பு மனைவிக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? அவள் இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே ஒரு கூத்து. பாட்டில் எண்ணும் மெஷினுக்கு, பைபோலார் மைக்ரோகன்ட்ரோலர் என்ற படுவேகமான சிப்பை வைத்து நான் செய்த போர்டு, ஒரு பாட்டிலை ஏழு என்று எண்ணியது. வயரிங் செய்யும் அக்காமேல் எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன். பாவம், இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை வயரையும் பிரித்து மறுபடி சால்டர் செய்தார். அப்போதும் ஏழுதான்.

தப்பு என்னுடையது. ஒவ்வொரு பாட்டிலும் போகும்போது ஒரு சுவிட்சை அழுத்தும்; ஒருமுறை அழுத்தினால் உள்ளே தகடு சில தடவை துள்ளும். துள்ளல் அடங்கும்வரை பொறு என்று புரோகிராமில் எழுத மறந்திருக்கிறேன். சிப் அத்தனை துள்ளலையும் எண்ணிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா, "பரவால்ல சார், வயரிங்காவது கெட்டியாச்சு" என்றார். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சட்டையில் மூன்று பட்டன் போய்விட்டது. ஊசி இங்கேயும் கிடைக்கும். இருந்தாலும் நீயே நூல் கோத்து ஒன்று அனுப்பேன்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். இன்னொன்று. கிளம்பும்போது நீ தொலைத்துவிட்டதாக உன் அம்மா எதிரிலேயே கத்தினேனே, அந்தப் பெட்டிச் சாவி என் பேன்ட் பையில்தான் இருந்தது. வந்த அன்றே பார்த்துவிட்டேன். நாலு மாதம் ஆகிறது.

உன் வீட்டுக்காரன்