விருந்துக்குள் எஞ்சின் வெளியே வர வேண்டும்

நவம்பர் 6

நடப்பதை நடந்தபடியே எழுதுவதென்று இன்று முடிவு செய்தேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன். அப்பா சொல்வதை அப்பா சொன்னபடி எழுதுவேன். ராதிஷா மாமா சொல்வதை மட்டும் பாதியாகக் குறைத்து எழுதுவேன். அப்போதுதான் அது உண்மையாகும்.

இன்று கராஜில் ஃபிச்சா என்ற குட்டிக் காரின் எஞ்சினைக் கழற்றும் வேலை தொடங்கியது. வசந்தத்தில் அம்மாவைக் கேட்காமல் அப்பா வாங்கி வந்த வண்டி. வானத்து நீலம், பின்பக்கம் எஞ்சின், முன்பக்கம் டிக்கி, என் வயதைப் போல நான்கு மடங்கு வயது. வந்த நாளிலிருந்து புகைதான் விட்டிருக்கிறது, ஓடவில்லை. ஆனால் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வீட்டில் அப்படி ஓர் இடம் எனக்கு வேறு இல்லை.

அம்மா கராஜ் வாசலில் நின்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்: “இருபத்தொண்ணாம் தேதி நம்ம வீட்டுப் புனிதர் நாள். விருந்து மேஜை எல்லாம் இங்கதான் போடணும். அதுக்குள்ள காலி பண்ணு ஜிவதின். இல்லேன்னா பழைய இரும்புக்காரனுக்கு நானே கேட்டைத் திறந்துவிடுவேன்.”

நவம்பர் 7

பழுதுபார்க்கும் கையேட்டை நான் சத்தமாக வாசிக்கிறேன். யாரும் கேட்பதில்லை. தெரியாதவர்களுக்குத்தான் புத்தகம் என்கிறார் ராதிஷா மாமா. அம்மா அப்பா கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர் அவர், எனக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஆகவே அவர் பேச்சை யாரும் மறுக்கக் கூடாது. பட்டாளத்தில் டாங்கி எஞ்சினையே இறக்கினாராம். (அவர் பட்டாளத்தில் சமையல் பார்த்தார் என்று அப்பா பிறகு காதோடு சொன்னார்.)

ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும், கீழே வாளி வைக்க வேண்டும் என்று வாசித்தேன். வடித்தார்கள். வாளி வைக்கவில்லை. பச்சைத் தண்ணீர் ஓடிப்போய் அம்மாவின் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மூவரும் மூச்சுவிட்டோம்.

நவம்பர் 9

கார்புரேட்டர் இப்போது சாப்பாட்டு மேஜையில். அம்மா அதைச் சுற்றித் தட்டு வைத்தாள்.

நவம்பர் 12

எல்லா போல்ட்டும் கழன்றாயிற்று. கியர் பெட்டியிலிருந்து பிரிந்து எஞ்சின் மெதுவாக ஒரு பழைய டயர்மேல் இறங்கி உட்கார்ந்தது. அழகாக இருந்தது. இனி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளுவண்டியைப் போல முன்னால் உருட்டினால் எஞ்சின் பின்னால் தங்கிவிடும். ஆனால் ஜாக்கி அதன் முழு உயரத்துக்கு ஏறியும் வண்டியின் பின்தகடு எஞ்சின் தலையில் இடிக்கிறது. நாலைந்து ஆண்கள் கைகொடுத்தால் நொடியில் முடியும்.

அக்கம்பக்கத்தில் கூப்பிடலாமே என்றேன். இருவரும் தரையைப் பார்த்தார்கள். நேற்றே ராதிஷா மாமா சாராயக் கடையில், எஞ்சின் வெளியே வந்தாயிற்று, இரண்டே பேர், வெறும் கையால், என்று சொல்லிவிட்டாராம். அப்பா பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

“நான் ஆமான்னு சொல்லலையே” என்றார் அப்பா.

“இல்லைன்னும் சொல்லலையே?” என்றேன்.

“அதுக்குள்ள எனக்கும் சேர்த்து ஊத்திட்டாங்கம்மா.”

வாயைத் திறக்காமல் பொய் சொல்ல முடியுமா? முடியும் போலிருக்கிறது. அதுவும் கையில் கிளாஸ் இருந்தால் சுலபம்.

நவம்பர் 15

ரொட்டிக்கடை வரிசையில் அப்பாவின் அண்ணி லுபின்கா பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டாளாம். எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், விருந்துக்கு வரும்போது முதலில் அதைத்தான் பார்க்கப் போகிறாளாம். அம்மா வீட்டுக்கு வந்து எல்லா அலமாரிக் கதவுகளையும் சாத்தினாள். ஏற்கனவே சாத்தியிருந்தவற்றையும்.

நவம்பர் 18

ராதிஷா மாமா கூரை உத்திரத்தில் கயிறு கட்டி இழுத்தார். வண்டி அசையவில்லை, உத்திரம் பேசியது. நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மா பழைய இரும்புக்காரனோடு ஃபோனில் பேசியது காதில் விழுந்தது. “இருபத்துமூணு காலையில வாங்க. ஆமா, முழு வண்டி.” அப்பாவிடம் சொல்லவா? சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்து, பெட்டியில் வைத்து, மறுபடி எடுத்துத் துடைத்தார்.

நவம்பர் 21 — அதிதூதர் மிக்கேல்

பள்ளி கிடையாது. நிறைய எழுத வேண்டும்.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காவல் புனிதர்; அவர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, தாமாகவே வருவார்கள். அதனால் யாரையும் வராதே என்றும் சொல்ல முடியாது. வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. தேவாலயத்துச் சாமி வந்து வழக்கப்படி ரொட்டியைச் சுழற்றி, அதன்மேல் ஒயின் ஊற்றி, ஜெபம் முடித்தபோதே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கராஜ் நடுவில் பின்பக்கத்தைத் தூக்கியபடி ஃபிச்சா. சுவரோரம் மடக்கி வைத்த மேஜைகள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரர் இன்று உட்காரக் கூடாது. எப்படியும் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

லுபின்கா பெரியம்மா, வருகிறவர்களுக்கு அம்மா முதலில் நீட்டும் வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, நேராகப் போய்க் குனிந்து பார்த்தாள்.

“என்ன கொழுந்தனாரே, எஞ்சின் வெளிய வந்துடுச்சுன்னாங்க? அதுக்குக் குளிர் தாங்கலையா, திரும்ப உள்ள போயிடுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். ராதிஷா மாமா முட்டைக்கோஸ் பீப்பாயின் பின்னால் எதையோ தேடப் போனார். அப்பாவின் காது சிவந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் உண்மையை எழுதுவதென்றால் கொஞ்சம் கோபமும் வந்தது.

அப்போது அம்மா கோதுமைத் தட்டை என் கையில் கொடுத்தாள்.

“நான்தான் நிறுத்தி வைக்கச் சொன்னேன்” என்றாள். “தூக்க ஆள் வேணும். இன்னிக்கு இத்தனை பேரு வரப்போறீங்க, தனியா எதுக்குக் கூப்பிடணும்? அது என் வண்டி லுபின்கா. வசந்தத்துல நான் ஓட்டப்போறேன்.”

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை! யாரோ புது ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல.

பெரியம்மா விடவில்லை. திருநாளன்று வேலை செய்தால் பாவம் இல்லையா என்று சாமியைக் கேட்டாள். சாமி வண்டியைப் பார்த்தார், மேஜைகளைப் பார்த்தார், சமையலறையில் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி வேகவைத்த சர்மாவின் வாசனையை முகர்ந்தார்.

“விருந்தாளிக்கு இடம் பண்றது வேலையா? பெஞ்சை நகர்த்துறோம். கொஞ்சம் கனமான பெஞ்சு” என்றார். அங்கியின் கையை முதலில் மடக்கியவரும் அவர்தான்.

கோட்டுகளைக் கழற்றினார்கள். நான் கையேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு வரி என்னை உறுத்தியது: எஞ்சினிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் செம்புப் பட்டை. அதை யாரும் கழற்றியதை நான் பார்க்கவில்லை. சொன்னேன். சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“பொறுங்க, பொண்ணு என்னமோ சொல்லுது” என்றார் சாமி.

வெள்ளைச் சட்டையோடு அப்பா அடியில் நுழைந்தார். பட்டை அங்கேயே இருந்தது, கழற்றினார். சட்டை அதற்குப் பிறகு வெள்ளையாக இல்லை.

பிறகு எல்லோரும் ஒன்றாகத் தூக்க, ஃபிச்சா மூக்கைக் கீழே வைத்தபடி முற்றத்துக்கு உருண்டு போனது. எஞ்சின் கராஜ் நடுவில் தனியாக, எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்த யாருக்கும் மனமில்லை. அதைச் சுற்றியே மேஜை போட்டோம். பெரியம்மாவுக்கு அதன் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

நவம்பர் 22

நேற்று வராதவர்கள் இன்று வந்தார்கள். எல்லோரும் அம்மாவிடம் வண்டியைப் பற்றியே கேட்டார்கள். மதியத்துக்குள் சீட்டுக்குச் சிவப்பு உறை போடுவதென்று சொல்லிவிட்டாள். மாலைக்குள் கடலுக்கே போவதாகச் சொல்லிவிட்டாள்.

அவர்கள் போன பிறகு ஃபோனை எடுத்து, “நாளைக்கு வர வேண்டாம்” என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் 23

அம்மா அப்பாவோடு பேசவில்லை. அப்பா தானாகவே பாத்திரம் கழுவினார்.

நவம்பர் 24

பள்ளியிலிருந்து வந்து வீட்டுப்பாடத்தைக் கராஜிலேயே செய்தேன். அப்பா எஞ்சின் தலையைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு நட்டு வரவில்லை. அம்மா உள்ளே வந்தாள். தோட்ட வேலைக்குப் போடும் பழைய கோட்டைப் போட்டிருந்தாள்.

“உன்னால நான் புனிதர் நாள்ல பொய் சொன்னேன் ஜிவதின்” என்றாள்.

“தெரியும்.”

“அது பொய்யாவே இருந்தா லுபின்கா என்னைச் சாகிறவரைக்கும் விடமாட்டா.”

அவள் முக்காலியை எஞ்சின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அப்பா ஸ்பேனரைக் கொடுத்தார். நட்டு அவளுக்கும் வரவில்லை. எண்ணெய் விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

“நெவென்கா, நாளைக்குக் கையேட்டுல எந்தப் பக்கம்?” என்று என்னைக் கேட்டாள்.

பக்கத்தைச் சொன்னேன். தலைப்பையும் சொன்னேன். அம்மா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கராஜ் விளக்கை அணைத்தாள்.