பெரியப்பா மாட்டிய பேசின்

பெரியப்பா,

என் விரல்களில் கிருஷ்ணாயில் நாற்றம் போகவே இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், அம்மா விசேஷத்துக்கென்று ஒளித்து வைத்திருக்கும் வாசனை சோப்பைக்கூட எடுத்துத் தேய்த்துவிட்டேன். இப்போது சோப்பும் கிருஷ்ணாயிலும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் அடிக்கிறது. மூக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் நீங்களும் இப்படித்தான் நாறிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் சயின்ஸ் நோட்டு. அப்பாவின் டார்ச் லைட்டைத் தாவணியால் சுற்றி வைத்திருக்கிறேன், வெளிச்சம் குழியைத் தாண்டாது. கூடத்தில் அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றுவிடுகிறது. நான் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று உங்களுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது. நாளைக் காலை கொத்தனார் வந்து குளிக்கிற அறையில் தொட்டி கட்டப்போகிறார். தொட்டி வரவேண்டிய சுவரில்தான் உங்கள் வாஷ் பேசின் இருக்கிறது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்களின் நட்டுகள் நான்கும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன. நாலு நாளைக்கு முன் கொத்தனார் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார்.

"இது அசையாதுப்பா. சம்மட்டியால ஒரே போடு. நாலு துண்டா வந்துடும்" என்றார்.

"முழுசா வந்தா கொல்லப்பக்கம் குழாயடியில வச்சிக்கலாம்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

"எங்க வரும்? எங்க அண்ணன் மாட்டினது. செவுரு வரும், அது வராது" என்றார் அப்பா. சொல்லிவிட்டுக் குளிக்கப் போய், வழக்கம்போல் அதிலேயே நெற்றியை இடித்துக்கொண்டார்.

அதை நீங்கள் வாங்கிய நாள் நானும் கூட இருந்தேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்து, கதவு, ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் வாசலில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். நீங்கள் வாஷ் பேசினுக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. விற்கிற ஆள் நல்லவர். இரும்புச் சட்டம், போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுக் கொடுத்து, "மரை தேஞ்சி போயிருக்குது பெரியவரே. நட்டு லொடலொடன்னு இருக்கும். மரையில சணல சுத்திட்டு இறுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

"சணலா? நாங்க இன்னா கோணி தைக்கிறவங்களா?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வார்த்தையைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும்.

சைக்கிள் கேரியரில் அதை வைத்து, உங்கள் வெள்ளை வேட்டியால் சுற்றிக் கட்டி, நீங்கள் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயிலுக்குப்பா போவுது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்குத்தான்மா."

"வீட்லயா? பிரதிஷ்டை எப்போ?"

"நாளைக்குக் காலையில" என்றீர்கள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

மறுநாள் பிரதிஷ்டை நடந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் ஒருவராகவே மாட்டினீர்கள். யாரையும் உள்ளே விடவில்லை. சாயங்காலம் தெருவே வந்து பார்த்தது. வீட்டில் குழாய் இல்லாததால் நான்தான் குழாய். முக்காலியின் மேல் சொம்போடு என்னை ஏற்றி நிறுத்தினீர்கள். "குழாய்!" என்றால் ஊற்ற வேண்டும். "போதும்!" என்றால் நிறுத்த வேண்டும். நீங்கள் கையை நீட்டி, "குழாய்!" என்றீர்கள். ஊற்றினேன். கீழே போகிற தண்ணீருக்கு வழி வைக்க மறந்துவிட்டீர்கள். அவ்வளவு தண்ணீரும் உங்கள் காலில் கொட்டியது.

"இன்னா மாமா, கை கழுவனா கால் கழுவுது?" என்றாள் அம்மா.

"அதான் வெள்ளக்காரன் மூளை. ஒரே தண்ணியில ரெண்டு வேல" என்றீர்கள்.

தெருவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நம் வீட்டில் சிரிப்பு நின்றுபோனது. ஒரு தாரைக் காணோம். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடுவதற்காக நான் ராட்டையில் சுற்றி வைத்த நூல், கிளிப்பச்சைப் பட்டு. அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை நெய்துகொண்டிருந்தார் அப்பா. முதலாளி பட்டைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார், சேலையையும் தராசில் வைத்துத்தான் வாங்குவார். ஒரு தார் குறைந்தாலும் அப்பாவின் பேர் போய்விடும். தார் சுற்றியது நான். அதனால் தொலைத்தவளும் நான்தான்.

பாய்க்கு அடியில் தேடினோம். அரிசிப் பானைக்குள் தேடினோம். என் பள்ளிப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார் அப்பா. "கடைல குடுத்து முட்டாய் வாங்கினியா? இல்ல, தாரையே தின்னுட்டியா?" என்று கத்தினார். அன்றிலிருந்து என் பேர் தார்தின்னி. முதலில் அப்பா கோபமாகக் கூப்பிட்டார், பிறகு அம்மா, பிறகு எதிர்வீட்டுக்காரர்கள், பிறகு பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துவிட்டது. இப்போது யாருக்கும் கோபம் இல்லை, பேர் மட்டும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "தார்தின்னி, உள்ளேன் அம்மா" என்று சொல்கிறது.

நீங்கள் மட்டும் ஒரு நாளும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தீர்கள். "எதுக்கு பெரிப்பா?" என்று கேட்டால், "சும்மா துன்னு" என்பீர்கள். உலகத்தில் என்னை நம்புகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று நினைத்து நான் அந்த பன்னைத் தின்றேன்.

அப்புறம் அப்பாவின் நெற்றி. கண்ணில் சோப்பு நுரையோடு சொம்பைத் துழாவிக்கொண்டு நிமிர்வார். டங். தினமும் ஒரு டங். புடைப்பு இறங்குவதற்குள் அடுத்த டங். கடைசியில் அம்மா உங்கள் முன்னால் வந்து நின்றாள். "மாமா, ஒண்ணு அந்தப் பீங்கானக் கழட்டுங்க, இல்ல இவரு தலையக் கழட்டுங்க."

"இதோ, ஒரு நிமிஷத்துல கழட்றேன்" என்று ஸ்பேனரோடு போனீர்கள். மூன்று நாள் ஆனது. அரை பாட்டில் கிருஷ்ணாயில் ஊற்றினீர்கள். முருகா என்றீர்கள், காமாட்சி என்றீர்கள். நரம்பு புடைக்க நீங்கள் முக்கின சத்தத்தைக் கேட்டு, நம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். நட்டு அசையவில்லை.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஸ்பேனரை வலது பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். இங்க் பாட்டில் மூடியை அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும். இது எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. மூன்றாம் நாள், எனக்கே கேட்காத குரலில், "பெரிப்பா... அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்றேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. "பொறந்ததுலேர்ந்து படமரம் சுத்தறவனுக்குத் திருப்பத் தெரியாதா? போய்ப் படி!" என்றீர்கள். ஓடிவிட்டேன். நெய்த சேலையை மரத்தில் சுற்றிச் சுற்றிக் கை அந்தப் பக்கமே பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஆனாலும் இரண்டு பன் வந்தது.

போன தை மாதம், "கொஞ்சம் படுக்கறேன்" என்று தறியை விட்டு எழுந்து போனீர்கள். நாலு நாள் காய்ச்சல். ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, "பாப்பா, அந்த பேசின மட்டும் யாரையும் கழட்ட வுடாத" என்றீர்கள். அவ்வளவு ஆசையா அதன்மேல் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியத்தன்று அப்பா எல்லோர் முன்னாலும் மார்பில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணன் முதலாளி பட்டுல ஒரு இழை எடுத்ததில்ல! ஒரு இழை!" என்று அழுதார். எனக்கும் அழுகை.

அதனால்தான் சம்மட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் கிருஷ்ணாயில் பாட்டிலைத் தேடிப் போனேன். உங்கள் பேசின் நாலு துண்டாகக் கூடாது. முழுசாக வந்தால் அம்மா குழாயடியில் வைப்பாள். அதற்கு நிஜமாகவே ஒரு குழாய் கிடைக்கும். மூன்று நாளாகக் குளிக்கப் போகும்போதெல்லாம் இங்க் பில்லரில் கிருஷ்ணாயிலை எடுத்துப் போய், ஒவ்வொரு நட்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். "இன்னாடி உன் மேல கிருஷ்ணாயில் நாத்தம்?" என்று கேட்டாள் அம்மா. நான் பயத்தில் முழித்தேன். பேன்தான், பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் மருந்து போட்டிருக்கிறது என்று அவளே முடிவு செய்து, தலை நிறைய வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டாள். உங்களுக்காக நான் அந்த நாற்றத்தையும் சுமந்தேன்.

இன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனார்கள். நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். அவர்கள் தெருமுனை தாண்டியதும் உங்கள் ஸ்பேனரை எடுத்தேன். இடது பக்கமாக வைத்து, என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். கிரீச் என்று ஒரு சத்தம். வீடே இடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் நட்டு அசைந்திருந்தது.

கையால் திருப்பித் திருப்பி அதை வெளியே எடுத்தேன். துருத் தூள் கொட்டியது. உள்ளே, போல்ட்டின் மரையில், இழைக்குப் பக்கத்தில் இழையாக, நீங்கள் தார் சுற்றுகிற அதே நேர்த்தியோடு சுற்றி, பாவுக்குப் போடுகிற கஞ்சியால் ஒட்டி...

கிளிப்பச்சை.

அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் பெரியப்பா. முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. சாத்திய கதவு. வெள்ளிக்கிழமை பன். வலது பக்கம் திருப்பிய ஸ்பேனர். நீங்கள் கழற்றவே இல்லை! நட்டு வந்தால் பட்டு தெரிந்துவிடும் என்று மூன்று நாள் காமாட்சியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இறுக்கியிருக்கிறீர்கள். யாரையும் கழட்ட வுடாத என்று சொன்னபோது ஆசையா இருந்தது? பயமல்லவா இருந்தது? மூலையில் கூடை நிறையக் கழிவு நூல் கிடந்தது, அதில் ஒரு பிடி எடுத்திருக்கலாம். எடுக்க மாட்டீர்கள். பங்களாவிலிருந்து வந்த பேசினுக்குக் கழிவு நூலா?

கோபம் வந்தது. மூன்று வருஷம் தார்தின்னி! ஒன்றுக்குப் பத்தாக அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், கொத்தனார் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நட்டைக் கழற்றினேன். பச்சை. அதற்கடுத்தது. பச்சை. மூன்றாவதில் உங்கள் முக்கல் சத்தம் நினைவுக்கு வந்து, கோபத்தோடே சிரித்துவிட்டேன். ஊக்கால் நூலைக் கிளறி எடுத்துவிட்டு, நட்டுகளைக் கையாலேயே திரும்ப மாட்டினேன். நான்காவதில் ஸ்பேனரை வைக்கும்போது வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம். பாயில் போய் விழுந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு ஒரு காரியமாக எழுந்து போனேன். இப்போதுதான் திரும்பி வந்தேன். அந்த நான்காவது நட்டை விட்டுவைத்தால் நாளைக்குக் கொத்தனார் கையில் பச்சை மாட்டிக்கொள்ளும் அல்லவா? ஸ்பேனரில் துணி சுற்றி, அப்பாவின் குறட்டை ஏறும்போது மட்டும் இழுத்தேன். ஏழெட்டுக் குறட்டைக்கு அசையவில்லை. பிறகு ஒரேயடியாக, கிரீச்.

"யாரது?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா. வயிறு சரியில்ல."

"இன்னா தின்ன? தாரா?" என்று தூக்கத்திலேயே கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் நின்றேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

நம் வீட்டில் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெருவையே சிரிக்க வைத்த நீங்கள், தம்பியின் கோபத்துக்குப் பயந்து ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு மூன்று நாள் நடித்திருக்கிறீர்கள். சொல்லியிருந்தால் அப்பா ஒரு நாள் கத்தியிருப்பார், அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்ல வரவில்லை. எனக்கும் எதுவும் சொல்ல வருவதில்லை. இதை யாரிடமிருந்து வாங்கிக்கொண்டேன் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நான்கு நட்டிலிருந்தும் எடுத்த பச்சை நூலை ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில் வைத்திருக்கிறேன். துரு ஏறிய ஓரத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் இன்னும் பளபளக்கிறது. இதை அப்பாவிடம் காட்டினால் தார்தின்னி என்ற பேர் ஒரே நிமிஷத்தில் போய்விடும். ஆனால் ஒரு இழை, ஒரு இழை என்று அவர் மார்பில் அடித்துக்கொண்டாரே, அதுவும் கூடவே போய்விடும். நான் அந்த பன் எல்லாவற்றையும் தின்றிருக்கிறேன் பெரியப்பா. பேர் எனக்கே இருக்கட்டும்.

டார்ச் மஞ்சளாகிவிட்டது. காலையில் அப்பா, "தார்தின்னி, எழுந்திரு, கொத்தனார் வந்துட்டாரு" என்று எழுப்புவார். நான் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, இடது பக்கம் திருப்பச் சொல்வேன். இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.