லைப்ரரி எந்தப் பக்கம்?

அம்மாவுக்கு,

வரலாற்று மேடம் நோட்ஸ் தரமாட்டார். அவர் பேசப் பேச நீயேதான் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வருடமாக இங்கே குப்பை கொட்டுகிறவள் சொல்கிறேன்.

இதைச் சொல்லவா ஹாஸ்டலில் உட்கார்ந்து கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் உன் குரல் கேட்கும். அதற்குத் தைரியமில்லை. காலையில் இதை உன் வகுப்பு பெஞ்சில் வைத்துவிடுவேன்.

இன்று ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த நீ, என் பழைய பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குள் வந்ததும், புது மேடம் என்று நினைத்து என் தோழிகள் எழுந்து நின்றார்கள். "ஐயோ, நான் ஃபர்ஸ்ட் இயர்மா, உக்காருங்க" என்றாய். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

"ஜூனியர்னா எங்களை அக்கான்னுதான் கூப்பிடணும். எங்க, இவளைக் கூப்பிடுங்க பாப்போம்" என்று ஒருத்தி என்னைக் காட்டினாள். நான் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு முன்பின் தெரியாதவளிடம் கேட்பது போல, "லைப்ரரி எந்தப் பக்கம்க்கா?" என்றாய்.

நான் கையை மட்டும் நீட்டினேன். லீவில் உன்னைச் சேர்க்க வந்தபோது, அந்த லைப்ரரிக்கு உன்னைக் கூட்டிப்போனதே நான்தான்.

நாளை மதியமும் அதே மேசையில்தான் இருப்போம். நானாக எழுந்து வந்து "இது என் அம்மா" என்று சொல்வேன் எனச் சத்தியம் செய்ய, என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. வீட்டில் என்னை எழுப்புவாயே, அதே மாதிரி "ஏய் கழுதை" என்று வாசலிலிருந்தே கத்து. எல்லோருக்கும் கேட்கட்டும்.

எழுந்து வருவேன்.

உன் கழுதை