தீமுக்குள் வைத்த புக்கிங்

செப். 19, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. புரட்டாசி முதல் சனி. திருப்பதி முழுக்க மஞ்சள் வேட்டி.

ஏழரைக்கு லாட்ஜிலிருந்து போன். ரிசப்ஷனில் இருக்கும் கலாவதி (இனி க.). அழுகை. "அக்கா, வேலூர்லேந்து பெரிய குடும்பம் வந்துக்கினு நிக்கிறாங்க. கையில புக்கிங் பேப்பர் வச்சிக்கினு கீறாங்க. இங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணியும் காணோம்க்கா."

அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தவள் நான். ஓடினேன். நடந்தது இதுதான். புரட்டாசி வந்தால் லாட்ஜுக்குச் சுண்ணாம்பு, மாவிலை, வாசலுக்கு மஞ்சள். இந்த வருடம் வெப்சைட்டுக்கும் புது முகம் வேண்டுமாம். முதலாளியின் (மு.) மருமகன் ஹைதராபாத்திலிருந்து ஒரு தீம் அனுப்ப, மு. சொல்ல, க. பட்டனை அழுத்தினாள். பழைய தீம் போனது. அதோடு புக்கிங்கும்.

பழைய தீமைத் திரும்பப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. எல்லாப் பெயரும் வந்துவிட்டது. மு. எல்லோர் முன்னாலும் தன் தெலுங்குத் தமிழில், "நம்ம அம்மாயி, இந்தப் பொண்ணு, பங்காரம்மா, தங்கம்!" க.விடம், "நுவ்வு, நீ, இனிமே கம்ப்யூட்டர தொடாத. மேல போயி துண்டு தொவைக்கிற வேலைய பாரு."

நான் வாய் திறக்கவில்லை. லட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

செப். 20, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

தப்பு க.வுடையது இல்லை. மூன்று வருடம் முன்பு இந்தத் தளத்தைச் செய்தபோது புக்கிங்கை நான்தான் தீமுக்குள்ளேயே எழுதினேன். தீம் என்பது தோற்றம். புக்கிங் என்பது வேலை. வேலையைத் தனி பிளகினாக, தனியே மாட்டும் துண்டாக, வைத்திருந்தால் முகத்தை எத்தனை முறை மாற்றினாலும் அது நின்றிருக்கும். சுண்ணாம்பு அடித்தால் உள்ளே அறைகள் காணாமல் போகுமா?

தெரிந்தேதான் செய்தேன். ஏன்?

1. அவசரம்.
2. எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் அவர்களுக்குச் சுலபம். பத்து பிளகின் போட்டால் பத்தும் அப்டேட் கேட்கும், ஒன்றோடொன்று சண்டை போடும். இது பொய் இல்லை.
3. எழுதாமல் விடலாம். யார் படிக்கப் போகிறார்கள், எழுதுகிறேன். புக்கிங் என் தீமுக்குள் இருந்தால் அவர்கள் என்னை விட்டுப் போக முடியாது. கூடப் படித்தவர்களில் பாதி பெங்களூரு, மீதி சென்னை. இங்கேயே உட்கார்ந்து பிழைக்க எனக்கும் ஒரு பிடி வேண்டியிருந்தது.

செப். 21, திங்கள்

வாங்க: கோதுமை மாவு, கொத்தமல்லி, சார்ஜர் ஒயர்.

பெங்களூரிலிருந்து தம்பி போன். சொன்னேன். சிரிக்கிறான்.

"பிளகின்ல போடுன்னு நான் அப்பவே சொன்னேன். நீ கேட்டாத்தான?"

"முதலாளி கிட்ட சொல்லிடட்டுமாடா?"

"பைத்தியமா உனக்கு? அதான் சரியாப் பூடுச்சி இல்ல, வுடு."

அவனோடு இருக்கும் நைனாவுக்கு (அப்பா) முட்டிவலி கொஞ்சம் தேவலையாம்.

விடுவதா? மத்தியானம் முழுக்க யோசனை. நிறம், எழுத்து, படம் ஓடுவது எல்லாம் தீமில் இருக்கலாம். லாட்ஜுக்கு வழி காட்டும் வரைபடம் எங்கே இருந்தாலும் சரி. முகம் மாறும்போது எது போனால் பரவாயில்லை, எது போகவே கூடாது? அவ்வளவுதான் கேள்வி. மஞ்சள் நிறம் போகலாம். வேலூர்க் குடும்பத்தின் பெயர் போகக்கூடாது. இவ்வளவு எளிதான விஷயத்தை வைத்துக்கொண்டு எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

செப். 22, செவ்வாய்

மறுபடி தூறல். லாட்ஜுக்குப் போனேன், சொல்லிவிடத்தான். படிக்கட்டில் க., ஈரத் துண்டு மூட்டையோடு. சத்தியவேடு பக்கம் அவள் ஊர். வீட்டில் எல்லோரும் கூலி வேலை. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வந்த முதல் ஆள் இவள்.

"சாப்பாடு துன்னியாக்கா?" என்றாள். பிறகு மெதுவாக, "அந்தப் பட்டன் மேல என்னா எழுதியிருந்துச்சின்னு நான் சரியா படிக்கலியோ? அதையே நெனச்சிக்கினு கீறேன்." துண்டு துவைப்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

மு. அறையில் ஆட்கள். திரும்பிவிட்டேன். ஆட்கள் இல்லாவிட்டாலும் திரும்பியிருப்பேன். கோழை.

வீட்டுக்கு வந்து புக்கிங்கைத் தீமிலிருந்து பிரித்துத் தனி பிளகினாக எழுதினேன். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இதைத்தான் மூன்று வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

செப். 23, புதன்

சொல்லிவிட்டேன்.

"அப்போ ஆ அம்மாயி தப்பு லேதா?" என்றார் மு.

"இல்ல சார். அந்தப் பொண்ணு தப்பு இல்ல. என் தப்பு."

அவர் எதிரிலேயே புதுத் தீமைப் போட்டுக் காட்டினேன். புக்கிங் அப்படியே நின்றது. மு. மவுஸை வாங்கி ஒரு பெயரைத் தானே திறந்து பார்த்தார். "சரேம்மா. இனிமே சைட் வேலை மொத்தம் எங்க அல்லுடே பாத்துக்குவாரு. மருமகன் இருக்காரில்ல?"

சரி என்றேன். மூன்று வருடமாகப் பயந்தது இதற்குத்தான். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

க.வைக் கூப்பிட்டுப் பழைய இடத்தில் உட்காரச் சொன்னார். நடந்ததை நானே அவளிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கக்கேடு.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழமையே தெரியுமாக்கா உனக்கு?"

"தெரியும்."

"நாலு நாளா எனக்குப் படிக்கத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா."

போன் அடித்தது. எடுத்துத் தெலுங்கில் பேச ஆரம்பித்தாள்.