நோவாவின் பின் சக்கரங்கள்

கோகோமோ, இண்டியானா
9 மார்ச் 1997

அன்புள்ள வெர்லினுக்கு,

இங்கே நலம். உன் அண்ணன் வீட்டில் நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் அது எங்கே போய் முடியும் என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து நம் பழைய நோவா கார் ஷெட்டில் ஸ்டாண்டின் மேல் அப்படியே நிற்கிறது. நீ வாங்கிப் போட்ட அந்த அகலமான டயர்கள் இரண்டும் துணி காயவைக்கும் மெஷினுக்கு முன்னால் கிடக்கின்றன. துவைக்கிற நாளெல்லாம் முதலில் அவற்றை உருட்டி நகர்த்தியாக வேண்டும். போன மாதம் என் வேன் படுத்துவிட்டது. சரி, நோவாவையே எடுத்து ஓட்டலாம் என்று பட்டறைக்கார டுவைட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடியில் புகுந்து பார்த்துவிட்டு, "பின்னாடி பட்டை ஸ்பிரிங் ரெண்டும் தொங்கிப்போச்சு ஜோ. மாத்தாம ஓட்டாதே. எப்படி மாத்தணும்னு வெர்லினைக் கேளு, அவன் மனசுல ஏதாவது வெச்சிருப்பான்" என்றான்.

கேட்கிறேன். பின்னால் என்ன ஸ்பிரிங் போடுவது, எந்த டயர் மாட்டுவது? சுருக்கமாக எழுது. பள்ளிச் சமையலறையில் ஆள் குறைவு. வீடு வந்து சேர்ந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

அன்புடன்,
ஜோரெட்டா


எவன்ஸ்வில்
16 மார்ச் 1997

அன்புள்ள ஜோ,

கிடங்கிலிருந்து வந்ததும் உன் கடிதத்தைப் பார்த்தேன். சாப்பிடக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். சுருக்கமாக எழுது என்கிறாய். இது சுருக்கமாகச் சொல்கிற விஷயமா?

அந்த டயர்களை வண்டி இப்போது இருக்கிற நிலையில் மாட்டவே முடியாது. உள்பக்கம் ஸ்பிரிங்கில் உரசும். வெளிப்பக்கம் மட்கார்டு விளிம்பு அறுத்துவிடும். பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட வேண்டும். பின் அச்சை நான்கு தண்டுகளால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்து, சுருள் ஸ்பிரிங்கின் மேல் நிறுத்த வேண்டும். உள் மட்கார்டை வெட்டி உள்ளே தள்ளினால் டயருக்கு இடம் கிடைத்துவிடும். பின் சீட் போய்விடும்தான். அதில் யார் உட்காரப் போகிறார்கள்?

பட்டை ஸ்பிரிங்கின் குணம் உனக்கே தெரியும். அந்த நாளில் மன்சி பந்தயத்தில் பச்சை விளக்கு எரிந்து நீ கிளட்ச்சை விட்டதும் அது முறுக்கிக்கொள்ளும், வண்டி துள்ளும், நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பாய். இப்படிச் செய்தால் துள்ளாது. தரையைக் கவ்விக்கொண்டு கிளம்பும். கடைசித் தாளில் படம் போட்டிருக்கிறேன், டுவைட்டிடம் கொடு.

ஆகஸ்டில் மன்சியில் பழைய வண்டிகளுக்குப் பந்தயம் வைக்கிறார்கள். உன்னைப்போல் கியர் மாற்ற அந்தப் பக்கத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. யோசித்துப் பார்.

உன்
வெர்லின்


கோகோமோ
30 மார்ச் 1997

அன்புள்ள வெர்லின்,

நான்கு தாள். நீ ராணுவத்தில் இருந்தபோதுகூட எனக்கு நான்கு தாள் எழுதியதில்லை. இரண்டு முறை படித்தேன். கார் நன்றாக வரும் போலிருக்கிறது. நான் எங்கே வருகிறேன் என்று தேடினேன். கியர் மாற்றுகிற கையாக ஓரிடத்தில் வந்தேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறேன். இனிப் பந்தயம் ஓட்ட மாட்டேன். உன் படத்தைப் பார்த்துவிட்டு டுவைட் தலையைச் சொறிந்தான். "வெர்லின் ரேஸ் வண்டி கட்டுறான், ஜோ. நீ கேக்குறது வேற வண்டி" என்றான்.

எனக்குப் பின் சீட் வேண்டும், சாமான் ஏற்ற வேண்டும். மழையில் பயமில்லாமல் போக வேண்டும். நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு தாங்க வேண்டும். அதற்கு என்ன போடலாம் என்று மட்டும் சொல்.

ஜோரெட்டா


எவன்ஸ்வில்
12 ஏப்ரல் 1997

அன்புள்ள ஜோ,

சரி, கோபப்படாதே. இன்னொரு வழியும் இருக்கிறது. பட்டை ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு, அதைச் சேசிஸுக்கு அடியில் உள்பக்கமாக நகர்த்தலாம். மட்கார்டில் கொஞ்சம் வெட்டினால் போதும். பின் சீட் இருக்கும், ஓரங்கள் மட்டும் குறுகும். அந்த டயரும் ஏறிவிடும்.

மழையைப் பற்றிக் கேட்டாய். மறைக்க முடியாது. அவ்வளவு அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் மிதக்கும், பிடிப்பு விட்டுவிடும். ஆனால் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர அதனால் என்ன? உன் கடிதத்தைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். "நாள் முழுக்க ஓட்டணுமாமா? ஊரையே சுத்திச் சுத்தி வரப் போறாளா உன் பொண்டாட்டி?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கே போகிறாய், ஜோ?

வெர்லின்


கோகோமோ
20 ஏப்ரல் 1997

அன்புள்ள வெர்லின்,

ஓரிகனுக்கு, நாட்டின் மேற்குக் கோடிக்கு. அங்கே பென்டில்டனில் என் தங்கை மாவிஸுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. அவள் நடத்தும் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாடியில் எனக்கு ஓர் அறை தருகிறாள். பள்ளி மூடியதும் ஜூனில் கிளம்புகிறேன். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டால் நீ பதில் போடுவாய் என்பது மட்டும் தெரியும்.

நீ கோபித்துக்கொண்டு போனாய், கோபம் ஆறினால் வருவாய் என்று ஒரு வருஷம் இங்கே இருந்தேன். இப்போது எனக்குக் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருக்கிறது.

கார் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நீ கூடாது என்றால் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், சண்டை போட மாட்டேன். டுவைட் வண்டியைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். உன் பதிலுக்காகக் கை வைக்காமல் வைத்திருக்கிறான்.

ஜோரெட்டா


எவன்ஸ்வில்
2 ஜூன் 1997

அன்புள்ள ஜோ,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு நீ என்னென்னவோ நினைத்திருப்பாய். நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். நான்கு முறையும் போகாதே என்றுதான் வந்தது. அதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை பஸ் பிடித்து டுவைட்டின் பட்டறைக்கு வந்தேன். வேலையை நானே செய்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, டுவைட் பாரம் தூக்கினான். எதையும் வெட்டவில்லை. புதுப் பட்டை ஸ்பிரிங் வாங்கி, பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன். உன் சாமான் கனத்துக்காக ஒரு பட்டை கூடுதல். ஷாக் அப்சார்பர் மெத்தென்ற வகை. டயர் சாதாரண அகலம்தான், தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிற வெட்டு உள்ளது. பார்ப்பதற்கு எடுப்பாக இருக்காது. வழியில் வயோமிங்கில் மழை பிடித்தால் இதுதான் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த அகல டயர்களை டுவைட் யாருக்காவது கொடுத்துவிடுவான்.

முடித்ததும் டுவைட்டை ஓட்டச் சொல்லி, நான் பின்னால் உட்கார்ந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வீட்டுப் பக்கம் திருப்பட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். வந்தால் நான் போகாதே என்பேன். நீ இருந்துவிடவும் கூடும். கொஞ்ச நாளில் இருவரும் மறுபடி இதே மாதிரி களைத்துப்போவோம்.

ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் புதுசு, ஓடினால் இளகும். நூறு மைல் தாண்டியதும் ஏதாவது பட்டறையில் நிறுத்தி இறுக்கச் சொல். கனமான பெட்டிகளைப் பின் சீட்டில் வை, டிக்கியில் வேண்டாம். காரை உன் பேருக்கே மாற்றக் கையெழுத்துப் போட்டு டுவைட்டிடம் கொடுத்திருக்கிறேன்.

மாவிஸுக்கு என் விசாரிப்புகள்.

வெர்லின்


கியர்னி, நெப்ராஸ்கா
14 ஜூன் 1997

அன்புள்ள வெர்லின்,

இது பெட்ரோல் பங்கில் வாங்கிய கார்டு, இடம் குறைவு. நீ நூறு மைலில் என்றாய், எனக்கு ஐயோவா வந்த பிறகுதான் நினைவு வந்தது. சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த பெரியவர் அடியில் படுத்து போல்ட்டுகளை இறுக்கினார். கொஞ்சம்தான் இளகியிருந்ததாம். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "ரொம்ப சுத்தமான வேலை. யார் செஞ்சது?" என்று கேட்டார். "என் புருஷன்" என்றேன்.

வாய் தவறித்தான் வந்தது. அவரிடம் நான் திருத்திச் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதன் பிறகு இரண்டு நாளாக ஓயாத காற்று. லாரிகளே ஆடுகின்றன. கார் நேராகப் போகிறது.

ஜோ