கூழ் குடிக்க வந்த பொள்ளாச்சிக்காரர்கள்

செம்பாக்கம்,
ஆடி ஞாயிறு

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். டப்ளினில் கோடையிலும் மழை என்றாயே, ஈரத் தலையோடு திரிந்து சளி பிடித்துக்கொள்ளாமல் நீயும் சௌக்கியமாக இருக்க எல்லையம்மன் துணை. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம்.

உன் உதயாவின் அப்பா அம்மா ஆனியில் பெண் கேட்டு வந்தபோது நடந்த கூத்து உனக்குத் தெரியும். நாங்கள் கொங்கு நாடு, பொள்ளாச்சிப் பக்கம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நம் சொந்த ஊரைக் கேட்டார்கள். இதே செம்பாக்கம் என்றார் அப்பா. "அது சரிங்க, இங்க வர்றதுக்கு முன்னாடி?" என்றார் உதயாவின் அம்மா. முன்னாடியும் செம்பாக்கம்தான், நாங்கள் தொண்டை மண்டலம் என்று உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். சென்னையில் இருப்பவர்களுக்குச் சென்னையே சொந்த ஊராக இருக்குமா, எதையோ மறைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. ஊர் தெரியாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று சொல்லியனுப்பினார்கள். நீ சரியாகச் சாப்பிடாமல் கிடந்ததும் எனக்குத் தெரியும்.

ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க, உன் கிளியம்மாள் அத்தை அவர்களுக்குப் போன் போட்டுவிட்டாள். "சம்பந்தம்லாம் பேச வேணாம்மா, கோயில்ல கூழு ஊத்தறோம், வந்து குட்ச்சிட்டுப் போங்க" என்றாளாம். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் இன்று காலை வந்து நின்றார்களே!

நம் வழக்கப்படி எல்லா வீட்டுக் கேழ்வரகுக் கூழும் கோயில் அண்டாவில் ஒன்றாகச் சேர வேண்டும். பானையோடு வரிசையில் நின்ற பெண்களை உதயாவின் அம்மா ஒவ்வொருவராக எந்த ஊர் என்று கேட்டார். ஒருத்தி மதுரை என்றாள், ஒருத்தி தஞ்சாவூர், மாடி வீட்டு புஷ்பம் தென்காசி. அதற்குள் பூசாரி, துளசிங்கம் வீட்டுப் பானை எங்கே, அது விழாமல் மற்றது விழக் கூடாது என்று உன் தாத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய் ஊற்றினேன். அவர்களுக்கு மட்டும் என்ன முதல் என்று உதயாவின் அம்மா கேட்க, அத்தை சிரித்துவிட்டாள். "இன்னாம்மா இப்டி கேக்கற? இவங்கல்லாம் வந்தவங்க. நாங்க எப்பவும் இங்கயே கீறவங்க." அந்த அம்மா சொம்பை நீட்டினார். இரண்டு சொம்பு கூழ் குடித்தார், முருங்கைக்கீரையைக் கேட்டு வாங்கினார், கருவாட்டுக் குழம்புக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நம் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, ஆடியில் எதுவும் பேசக் கூடாதுங்க என்றார். கார் ஏறப் போகையில் அவருடைய அக்கா போனில் வந்தார். இந்த அம்மா நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். "நம்ம உதயாவுக்குப் பார்த்த பொண்ணு ஊருல இருக்கறனுங்க்கா. இல்லீங்க்கா, எங்கிருந்தும் வந்தவங்க இல்லீங்க, சொந்த ஊரே இதுதானுங்க." உன் அப்பா விறுவிறுவென்று உள்ளே போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தார். சந்தோஷத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு. மஞ்சள் குங்குமத்தோடு நீ நூறு வருஷம் வாழ வேண்டும். ஆவணிக்கு லீவு சொல்லி வை, காரணத்தை மட்டும் ஆடி முடிகிற வரை யாரிடமும் வாய் திறக்காதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
சந்திரிகா சிவகுமார்