நகராத புள்ளி

என்னங்க,

டவர் சாஞ்சிருச்சு. அதான் மீட்புப் படகுக்காரர்கிட்ட இந்தக் கடுதாசியைக் கொடுத்து முகாமுக்கு அனுப்புறேன்.

வெள்ளம் வருதுன்னு எல்லார் போனுக்கும் எச்சரிக்கை அனுப்பினதே நான்தான். கட்டுப்பாட்டு அறைத் திரையில ஒவ்வொரு போனும் ஒரு புள்ளி. நம்ம தெருப் புள்ளிங்க எல்லாம் மேட்டுப் பக்கம் நகர்ந்துச்சு. உங்களோடது மட்டும் நம்ம வீட்டுலயே நின்னுச்சு. அப்புறம் அணைஞ்சிருச்சு.

"டீ குடிம்மா"ங்கறார் மேலதிகாரி. டம்ளரை ஓரமா வச்சுட்டு இதை எழுதுறேன்.

கடைக்குக் கிளம்பினாலே போனைச் சார்ஜர்ல விட்டுட்டுப் போற ஆளு நீங்க. அதுக்கு எவ்வளவு கத்தியிருக்கேன்! பாப்பாவைத் தூக்கிட்டு ஓடுற அவசரத்துல இன்னிக்கும் மறந்துட்டீங்க, அப்படித்தானே?

"மறந்துட்டேன்"னு ஒரே ஒரு வார்த்தை எழுதி இதே படகுல அனுப்புங்க. சத்தியமா திட்ட மாட்டேன்.

உங்க வீட்டுக்காரி